படுக்கையிலிருந்து பேர் போடுபவர்

"நோயாளியின் வீட்டில் சிரிக்கக் கூடாது" என்பது எங்கள் தொண்டர் பயிற்சியில் புதியவர்களுக்குச் சொல்லப்படும் விதிகளுள் ஒன்று. உள்ளே நுழைந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நோயின் பெயரை அக்கம்பக்கத்தாரிடம் சொல்லக் கூடாது, நம்மால் இயலாத உதவிக்கு வாக்குக் கொடுக்கக் கூடாது என்னும் நல்ல விதிகளின் நடுவே இதுவும் இருக்கிறது. மற்றவை கேட்ட மாத்திரத்தில் மனத்தில் பதிந்துவிட்டன. இது ஒன்று மட்டும் பதியாமல் உறுத்திக்கொண்டே இருந்தது. விதியைச் சொன்னவர் படுத்த படுக்கையாகக் கிடப்போரின் வீடுகளுக்குப் பல ஆண்டுகளாகச் சென்று வருபவர். எல்லாரும் மதிக்கும் பெரியவர். அவர் அதற்கு ஒரு காரணமும் சொன்னார். ஒரு வீட்டில் உள்ளே ஒருவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோது, வாசலில் நின்ற தொண்டர் கைப்பேசியில் யாரிடமோ பேசி வாய்விட்டுச் சிரித்தாராம். எல்லாக் காரியமும் முடிந்து பல மாதங்களுக்குப் பின்னும் அந்த வீட்டுப் பெண் கணவரின் மறைவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தத்தையும் சேர்த்தே சொல்லி அழுதார் என்றார் பெரியவர். அதைக் கேட்ட பின் எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை.

ஆயினும், நான் போய்வந்த வீடுகளில் எனக்கு நினைவில் தங்கிய நேரங்கள் பெரும்பாலும் சிரித்த நேரங்களாகவே இருந்தன. சிரிப்பு வந்த வீடுகளில்தான் எங்கள் உதவியும் சரியாகப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. பெரியவர் சொன்னதும் உண்மை, நான் கண்டதும் உண்மை என்றால் இரண்டுக்கும் இடையில் எங்கே கோடு போடுவது என்பதுதான் என் கேள்வி.

எங்கள் குழு நீலகிரி மாவட்டத்தின் பந்தலூர் வட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி இயங்கும் மிகச் சிறிய குழு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலிதணிப்புச் சிகிச்சைச் சங்கமும், அதன் தொடர்ச்சியாக மலப்புறம் மாவட்டத்தில் ஊர்மக்களே பொறுப்பேற்று நடத்திய வீட்டுப் பராமரிப்பு முறையும் எங்களுக்கு அடுத்த வீட்டுச் செய்திகள். நாடுகாணியிலிருந்து மலைச்சாலையில் இறங்கினால் வழிக்கடவு, அதைத் தாண்டினால் நிலம்பூர். பெண் கொடுத்தும் எடுத்தும் கூலிக்குப் போயும் பழகிய ஊர்கள். 2008-இல் கேரள அரசு இதற்கெனத் தனிக் கொள்கையே வகுத்தது. இங்கே 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மருந்தும் கட்டும் மருத்துவம் அறிந்தவர்களின் வேலை. எங்களைப் போன்றவர்களுக்கு மிச்சமிருப்பது நகம் வெட்டுவது, தலை வாரிவிடுவது, முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பம் நிரப்புவது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது ஆகியவை. எங்கள் ஜீப்பில் ஒரு செவிலியர், பணி ஓய்வு பெற்ற ஒரு டீச்சர், ஓட்டுநர் அண்ணன், நான் என்று நால்வர் இருப்போம்.

மழைக்குச் சுமைகூலி

மற்ற நாட்களில் நான் தேயிலைத் தொழிற்சாலையில் இலை வரவுக் கணக்கு எழுதுகிறேன். சிரிப்பைப் பற்றி நான் கற்றதில் பாதி அங்கே கற்றது. ஜூன் பிறந்துவிட்டால் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கத்தை விடுவதில்லை. தமிழ்நாட்டில் அதிக மழை பெய்த ஊர்களின் பட்டியலில் தேவாலாவும் பந்தலூரும் அடிக்கடி முன்னே நிற்கும். அந்த நாட்களில் வரும் இலை மூட்டைகளில் இலை எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பிரிப்பதே பெரும்பாடு. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கரைக் கிலோ பச்சை இலை தேவை. இலை நனைந்திருந்தால் வாட்டும் தொட்டியில் கூடுதல் நேரம் காற்று விட வேண்டும். அப்படியும் தூளின் தரம் குறையும். ஆகவே எடையில் ஈரத்துக்கென்று ஒரு பங்கைக் கழிப்பார்கள். நியாயமான கழிவுதான் என்றாலும் மூட்டையைச் சுமந்து வந்தவருக்கு அது கையிலிருந்து பிடுங்கிக்கொள்வது போலத்தான் இருக்கும். மாதந்தோறும் தேயிலை வாரியம் அறிவிக்கும் விலையையே நம்பி ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஒவ்வொரு கிலோவும் கணக்குத்தான்.

ஒரு மழை நாளில் முதிய விவசாயி ஒருவர் தராசில் ஏறிய தம் மூட்டையைப் பார்த்தார், கழிவைப் பார்த்தார், எடைபோடும் இளைஞரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி, "தண்ணிய நீ கழிச்சுக்க தம்பி, அது உன் நியாயம். ஆனா அந்தத் தண்ணியையும் சேர்த்து மேட்டுலேருந்து தூக்கிட்டு வந்தது என் தலைதானே? அதுக்குச் சுமைகூலி யாரு தருவா?" என்று கேட்டார். இளைஞர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெளியே எட்டி வானத்தைப் பார்த்தார். "இலைய அனுப்புனது நீங்க, ஐயா. தண்ணிய அனுப்புனது அவரு. கூலிய அவருகிட்டதான் கேக்கணும்" என்றார். வரிசை முழுவதும் சிரித்தது. முதியவரும் தோள் குலுங்கச் சிரித்தார்.

இதனால் எடைச்சீட்டில் ஒரு எண்கூட மாறவில்லை. ஆனால் அன்றுவரை தலையைக் குனிந்து சீட்டை வாங்கிக்கொண்டு போனவர், எல்லார் முன்னிலையிலும் தம் வழக்கை எடுத்துச் சொல்லி அதற்குப் பதிலும் பெற்றார். மறுநாள் முதல் அந்த இளைஞர், நனைந்த மூட்டைகளைத் தராசில் ஏற்றும் முன் கொட்டகை ஓரத்தில் சாய்த்து வைத்துச் சற்றுநேரம் நீர் வடிய விட்டார். யாரும் அவரிடம் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. முதியவர் கெஞ்சியிருந்தால் அவர் இரக்கப்பட்டிருப்பார். சண்டையிட்டிருந்தால் விதியைக் காட்டியிருப்பார். வேடிக்கையாகச் சொன்னதால், முதியவர் மூட்டையோடு மேட்டிலிருந்து நடந்து வந்த வழியைப் பற்றி இளைஞர் யோசித்தார்.

எங்கள் பக்கத்து மக்கள் அச்சத்தையும் இப்படித்தான் கையாள்கிறார்கள். வீடுகளை உடைத்து அரிசியைத் தின்று பழகிய ஒரு மக்னா யானையை, அதாவது தந்தமில்லாத ஆண் யானையை, வனத்துறை 2022 டிசம்பரில் மயக்க ஊசி செலுத்திப் பிடித்தது. அரசு ஆவணங்களில் அதன் பெயர் பி.எம்.-2; ஊரார் வைத்த பெயர் அரிசி ராஜா. முதுமலைக் காட்டில் கொண்டுபோய் விட்ட பிறகு அடுத்த மாதமே அது கேரளத்தின் சுல்தான் பத்தேரி நகருக்குள் நடந்து போய், அங்கே மீண்டும் பிடிபட்டது. அந்த யானையால் உயிர்ச்சேதமும் உண்டு. அதை நினைத்து யாரும் சிரித்ததில்லை, சிரிக்கவும் முடியாது. ஆனால் இரவில் தகரக் கதவுக்குப் பின்னால் படுத்துக்கொண்டு, அடுத்த லைனில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் அடுத்த வரிசை வீடுகளில், இருப்பவருக்குப் போன் செய்து "ராஜா உங்க பக்கமா?" என்று கேட்க முடிந்த ஊர், தனித்தனி வீடுகளாக நடுங்கிக்கொண்டிருக்கவில்லை. பயத்துக்குப் பெயர் வைத்த பிறகு அதைப் பற்றிப் பேச வாய் வந்தது. பேச்சு வந்ததால் ஒருவரை ஒருவர் எச்சரிக்கவும் முடிந்தது.

அரைப் பேர்

இப்போது பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபது வயதைத் தாண்டியவர். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் பிறந்து, தாயின் விரலைப் பிடித்துக்கொண்டு விடியுமுன் பெரட்டுக் களத்துக்கு, அதாவது வேலைக்கு ஆள் கூடிப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, ஓடியவர். 1964-இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டுமென்று கணக்கிட்டது. அந்தக் கணக்கில் ஒருவராகத் தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, மலையேறி வந்து சேர்ந்தார். தாயகம் திரும்பியோருக்கு வேலை கொடுப்பதற்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தில், இன்று டேன்டீ என்று வழங்கும் தோட்டங்களில், உழைத்து ஓய்ந்தவர். பக்கவாதம் வந்து இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது. மகள் காலையில் இலை எடுக்கப் போனால் திரும்ப மாலையாகிவிடும். அதுவரை அடுத்த வீட்டுப் பெண் அவ்வப்போது எட்டிப் பார்ப்பார்.

நாங்கள் முதலில் போனபோது அவருடைய இடுப்புக்குக் கீழே படுக்கைப்புண் ஆழமாகியிருந்தது. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு அழுத்தும் இடத்தில் இரத்த ஓட்டம் நின்று தோல் செத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். பகலெல்லாம் ஆளில்லாத வீட்டில் அது எப்படி நடக்கும்? செவிலியர் உப்புநீரால் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டுப் போடுவார். அந்தப் பொடி நாற்றத்தைத் தணிக்கும். பாட்டியை அதிகம் வதைத்தது அந்த நாற்றம்தான். "மன்னிச்சுக்குங்க சாமி, மூக்கைப் பொத்திக்குங்க சாமி" என்பார். இரு கைகளையும் கூப்ப முடியாததால் வலக்கையை மட்டும் நெற்றிவரை உயர்த்துவார். அந்தக் கை உயரும் ஒவ்வொரு முறையும் எனக்கு என்னவோ செய்யும். வலிக்கிறதா என்றால் இல்லை என்பார். சாப்பிட்டாயிற்றா என்றால் ஆயிற்று என்பார். தண்ணீர் போதுமான சூட்டில் இருக்கிறதா என்றால் இருக்கிறது என்பார். கோணிய வாயைச் சேலைத் தலைப்பால் மூடியபடியே எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்லிவிட்டு மறுபடியும் கையை உயர்த்துவார். நாங்கள் அவருக்கு உதவி செய்துகொண்டிருந்தோம். அவரோ எங்கள் மனம் நோகாமல் பார்த்துக்கொள்வதைத் தம் வேலையாக ஏற்றிருந்தார். பல வாரங்கள் இப்படியே போயின.

பிறகு ஜூலை மாதத்தில் அந்த நாள் வந்தது. தேவாலா தாண்டிய வளைவில், பலாப்பழ வாசனைக்கு வந்த யானைக்கூட்டம் சாலையை விட்டு நகர மறுத்தது. குட்டியோடு நிற்கும் கூட்டத்தின் முன் ஹாரன் அடிப்பது அறிவுடைமை ஆகாது. விளக்கை அணைத்துவிட்டு மழைக்குள் காத்திருந்தோம். ஒருவழியாகப் பாட்டியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது உச்சிக்கு வந்திருந்தது. நால்வரும் தொப்பலாக நனைந்து, வாசல்படியில் தண்ணீரைப் பிழிந்துகொண்டிருந்தோம். செவிலியர் வருத்தம் தெரிவிக்க வாயெடுத்தார்.

பாட்டி சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு எங்களை வரிசையாக, ஒவ்வொருவராகப் பார்த்தார். "பெரட்டு கலைஞ்சு எவ்வளவு நேரமாச்சு? இப்பத்தான் வாறீங்களா? இன்னைக்கு எல்லாருக்கும் அரைப் பேருதான்" என்றார்.

தோட்டத்தில் ஒரு நாள் வேலை என்பது செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் விழும் ஒரு பேர். பிந்தி வந்தாலோ, எடை குறைந்தாலோ அரைப் பேர். அதாவது பாதிச் சம்பளம். டீச்சருக்கும் எனக்கும் அது உறைக்க ஒரு நொடி ஆயிற்று. தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்த ஓட்டுநர் அண்ணனுக்கு அந்த ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வாசல்படிக்குக் கீழே இறங்கி நின்று, "கங்காணியம்மா, வழியில யானை மறிச்சிருச்சு. பிள்ளகுட்டிக்காரன். முழுப் பேரு போடுங்க" என்றார்.

"யானை வந்தா யானைக்குப் பேரு போடுறேன். அது நேரத்துக்கு வந்து நின்னிருக்கு. நீதானே பிந்தி வந்த?"

சொல்லிவிட்டுப் பாட்டி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நனைந்த உடையோடு அந்தச் சிறிய அறையில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். மழைக்காக வேலை நின்றுபோய் வீட்டிலிருந்த மகள் அடுப்படியிலிருந்து கையில் அகப்பையோடு ஓடி வந்தார். பக்கவாதம் வந்த நாளுக்குப் பிறகு அம்மா சிரித்து அவர் கேட்டதில்லை. நான் பாட்டியின் முகத்தைப் பார்த்தேன். சிரிக்கும்போது வாய் இன்னும் அதிகமாகக் கோணியது. வலப்பக்கம் மட்டும் மேலேறி, இடப்பக்கம் அசையாமல் நின்றது. சேலைத் தலைப்பு தலையணையின் மேல் கிடந்தது. அதை எடுத்து வாயை மூட வேண்டும் என்ற நினைப்பே அவருக்கு வரவில்லை.

அன்று கட்டுப் போடும்போது செவிலியர் புண்ணின் ஓரத்தைத் தொட்டதும், "மெதுவா, தங்கச்சி! கவ்வாத்துக் கத்திய வச்சுக் கீறுற மாதிரி இருக்கு" என்று பாட்டி அதட்டினார். செவிலியர் கையை எடுத்துவிட்டார். இத்தனை வாரமும் வலிக்கவில்லை என்றீர்களே என்று கேட்டார். "அப்ப நீங்க துரைமாரு. துரைகிட்ட வலிக்குதுன்னு சொல்ல முடியுமா? இப்ப நீங்க என் ஆளுக" என்றார் பாட்டி.

இதைத்தான் நான் பல நாட்களாக நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். வலிதணிப்புச் சிகிச்சையில் பயிற்சியின் முதல் நாளிலேயே சொல்லிக்கொடுப்பது, நோயாளி எவ்வளவு என்று சொல்கிறாரோ அவ்வளவுதான் வலி என்பதாகும். அதை அளக்க வேறு கருவி இல்லை. அப்படியானால் நோயாளி உண்மையைச் சொல்லும்படியான உறவு அந்த வீட்டில் இல்லாதவரை எங்கள் சிகிச்சைக்கு அடிப்படையே இல்லை. நாங்கள் பயபக்தியோடு, குரல் தாழ்த்தி, சிரிக்காமல் நடந்துகொண்ட வாரங்களில் அந்த உறவு உருவாகவில்லை. எங்களை அதட்டிப் பாதிச் சம்பளம் போடும் உரிமையை அவர் எடுத்துக்கொண்ட பிறகே உருவாயிற்று. அதன்பின் புண் கழுவுவதற்கு அரைமணி நேரம் முன்பே, மருத்துவர் எழுதித் தந்த வலி மாத்திரையைச் செவிலியர் கொடுக்கத் தொடங்கினார். தண்ணீர் எப்போதும் ஆறிப்போயே இருந்தது என்பது தெரியவந்தது. வலப்பக்கம் திருப்பிப் படுக்க வைத்தால் சுவர் மட்டுமே தெரிகிறது, கட்டிலைத் திருப்பிப் போட்டால் சன்னல் வழியே தேயிலை மேடு தெரியும் என்பதையும் அவரே சொன்னார். கட்டிலைத் திருப்பினோம். தம்மைப் புரட்டிவிட அடுத்த வீட்டுப் பெண்ணை நேரம் சொல்லி அழைக்கவும் ஆரம்பித்தார். முன்பு தொந்தரவு கொடுக்கக் கூடாதென்று வாய் திறக்காமல் கிடந்தவர். புண் ஆற நீண்ட காலம் பிடித்தது. மருந்தும் புரட்டலும்தான் அதை ஆற்றின; ஆனால் புரட்டச் சொல்லும் வாயைத் திறந்தது அந்த அரைப் பேர்.

டீச்சர் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கொடுத்தார். பேத்தி அதில் எங்கள் பெயர்களை எழுதிக் கட்டம் போட்டாள். வருகையைப் பாட்டி சொல்லச் சொல்ல அவள் குறிப்பாள். எங்களுக்கு "சாமி" என்ற விளி அத்தோடு போயிற்று. நான் தம்பி ஆனேன்; செவிலியர் தங்கச்சி; ஓட்டுநர் அண்ணன் "டேய்" என்ற உயர்ந்த நிலையை அடைந்தார்.

பதிலுக்குச் சிரிக்க முடியாதவர்

பெரியவரின் விதிக்குத் திரும்ப வேண்டும்; அவர் சொன்னதில் இருக்கும் உண்மையை நான் குறைத்துக் காட்ட விரும்பவில்லை. தொல்காப்பியத்தில், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் மெய்ப்பாடுகளில் நகையையும் அழுகையையும் அடுத்தடுத்து வைத்த நம் முன்னோர், நகை பிறக்கும் இடங்களைச் சொல்லும்போது எள்ளலையே முதலில் சொன்னார்கள். மனிதரின் சிரிப்பில் எவ்வளவு இகழ்ச்சி கலந்திருக்கும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ஓர் அலுவலகத்தில் நான் நேரில் கண்டது இது. பழங்குடி முதியவர் ஒருவர் விண்ணப்பத்தோடு நின்றார். அவர் தம் பெயரைச் சொன்ன விதம் அங்கிருந்த ஊழியருக்கு வேடிக்கையாக இருந்தது போலும்; காது கேளாதவர் போல மறுபடி சொல்லச் சொன்னார், மூன்றாம் முறையும் சொல்லச் சொன்னார். பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். முதியவரும் சிரிக்க முயன்றார், முடியவில்லை. விண்ணப்பத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். மாதம் 1,200 ரூபாய் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. டீச்சர் பேருந்து நிறுத்தம்வரை பின்னாலேயே போய் அவரைத் திரும்ப அழைத்துவர முயன்றார், அவர் வரவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் ஆறவில்லை.

தராசுக் கொட்டகையிலும் பாட்டியின் அறையிலும் எழுந்த சிரிப்பு கீழே இருப்பவர் தொடங்கியது. அலுவலகத்தில் மேலே இருப்பவர் தொடங்கினார். பதிலுக்குச் சொல்ல எதிரே இருந்தவருக்கு இடமே தரப்படவில்லை. வாசலில் நின்று கைப்பேசியில் சிரித்த தொண்டரின் சிரிப்பிலும் அந்த வீட்டாருக்கு இடமில்லை. ஆகவே கோட்டை நான் இங்கே போடுகிறேன்: அந்த வீட்டில் சிரிப்பைத் தொடங்கும் உரிமை வீட்டுக்காரருடையது. எங்களோடு சில மாதங்கள் வந்த கல்லூரி மாணவர் ஒருவர், நல்ல மனத்தோடுதான், நகைச்சுவைத் துணுக்குகளைத் தேடி எடுத்து எழுதிக்கொண்டு வருவார். ஒரு வீட்டில் அவர் மூன்றாவது துணுக்கைத் தொடங்கியபோது படுத்திருந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மருந்துப் பெட்டியில் வைத்துச் சிரிப்பைக் கொண்டுபோக முடியாது என்பதை அந்தத் தம்பி வேகமாகவே புரிந்துகொண்டார். பிறகு அதே மனிதரிடம் அவர் ஓட்டிய லாரியைப் பற்றிக் கேட்டார். கூடலூர் மலைச்சாலையில் பிரேக் சூடேறிப் புகைந்த கதைகளை அந்த மனிதர் சொல்லக் கேட்டு மாணவர்தான் சிரித்தார்; மாணவருக்குத்தான் அங்கே ஆச்சரியப்படவும் கற்கவும் இருந்தது.

சிரிப்பே வராத வீடுகளும் உண்டு. தொண்டைப் புற்றுநோயால் குரல் போன ஒருவரின் வீட்டில் நாங்கள் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை. அவர் மனைவி கட்டன் காப்பி கொடுப்பார், குடிப்போம். அவர் கையைப் பிடித்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருப்பார். அங்கே அதுவே போதுமானதாக இருந்தது. எந்த வீடு எப்படிப்பட்டது என்பதை விதி எழுதி முடிவு செய்ய முடியாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே காதைத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

மகளுக்கு விடுப்பு

பாட்டியின் செக்ரோலில் சில வாரங்களுக்கு முன் ஒரு புதிய பெயர் ஏறியது. நோட்டுப் புத்தகத்தில் எங்கள் பெயர்களுக்குக் கீழே மகளின் பெயரை எழுதச் சொன்னார் பாட்டி. பேத்தி எழுதியதும் முதல் பக்கத்திலிருந்து எல்லாக் கட்டத்திலும் முழுப் பேர் போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, மழை நாள் ஒன்றும் விடாமல் போடச் சொன்னார். பேத்தி போட்டு முடிக்கும்வரை யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி எங்களைப் பார்த்து, "இவ ஒரு நாளும் பிந்தி வந்ததில்ல, லீவும் எடுத்ததில்ல. சம்பளத்தோட லீவு கொடுக்கணும். அன்னைக்கு என்னை யாரு பாக்குறது? அரைப் பேருக்காரங்கதான் பாக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். மகள் வேண்டாம் வேண்டாம் என்றார். கங்காணி சொன்ன பின் மறுபேச்சு உண்டா என்று ஓட்டுநர் அண்ணன் அவரை அதட்டினார்.

நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு ஓய்வு தர வேண்டும் என்பதும் பயிற்சியில் சொல்லப்படுவதுதான். ஆனால் அம்மாவை விட்டுவிட்டு நான் எங்கே போவேன் என்று எங்களிடம் பல முறை மறுத்த மகள், அம்மாவே விடுப்புச் சீட்டுக் கொடுத்ததும் ஒப்புக்கொண்டார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை என்று முடிவாகியிருக்கிறது. காலையில் டீச்சரும் அடுத்த வீட்டுப் பெண்ணும் இருப்பார்கள்; மதியத்துக்கு மேல் தொழிற்சாலையிலிருந்து நான் போய்விடுவேன். இரண்டு மணிக்கொருமுறை புரட்டும் நேரத்தைப் பேத்தி அட்டையில் எழுதிக் கட்டில் காலில் தொங்கவிட்டிருக்கிறாள். முதல் சனிக்கிழமை மகள் சேரம்பாடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்வந்தார். அடுத்தது கூடலூர். அதற்காகப் பாட்டி இப்போதே பட்டியல் சொல்லிக்கொண்டிருக்கிறார்: பேத்திக்கு மழைக்கோட்டு, தமக்கு வெற்றிலை, டீச்சருக்கு முறுக்கு, கருவாட்டுக் கடையில் மாசி கிடைக்குமா என்று ஒரு கேள்வி. ஓட்டுநர் அண்ணனுக்கு ஒரு கைக்கடிகாரம்.